பெஹன்ஜியின் மகள்

முடிதானே, வளர்ந்துவிட்டுப் போகிறது என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டு டப்பாவை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார், முடிதான், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் அது யாருக்குச் சேர வேண்டிய முடி என்று அவருக்குத் தெரியுமா, வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாளே வள்ளி, அவளுக்குத்தான் தெரியுமா... தாயம்மாள் பஸ் ஜன்னலின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆர்.கே.புரத்தில் ஏறியதிலிருந்து பஸ் ஓடினதைவிட நின்றதுதான் அதிகம். ஏஷியாட் போட்டி வருகிறதென்று டெல்லி ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள், ரிங் ரோட்டில் பாதி காணோம், மண்மேட்டில் ஒரு பெண் தலையில் செங்கல் சுமந்து ஏறிக்கொண்டிருந்தாள், அவள் இடுப்பில் ஒரு குழந்தை, எண்ணெய் காணாத செம்பட்டைத் தலை. ஊருக்கே முடிவெட்டிப் புதுசாக்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தவள் அந்த நினைப்புக்காகத் தன்னையே கடிந்துகொண்டாள், எதைப் பார்த்தாலும் முடிதானா, வேறு நினைப்பே கிடையாதா. காய்கறி வாங்கப் போகிறேன் என்று வள்ளியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வள்ளி போர்வையை விலக்காமலே சரி என்றாள். காய்கறி வாங்க யாராவது அத்தனை தூரம் சவுத் எக்ஸ்டென்ஷன் போவார்களா? நல்ல வேளை, கேட்கவில்லை. நேற்று அழுகைக்கு நடுவில் அவளாகச் சொன்னதுதான் முடி வெட்டிக்கொண்ட அந்த பார்லர் இருக்கும் இடம், மாடிப்படி, கீழே ஒரு செருப்புக்கடை, வெட்டின முடியை அவர்கள் பையில் போட்டு வைப்பார்கள், விக் செய்கிறவன் வந்து எடுத்துக்கொண்டு போவான், என்று. பையில் போட்டு வைப்பார்கள் என்றால் கிடைக்கும். கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்க மாட்டார்களா என்ன, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்காதா?

வள்ளி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த டைபாய்டு. காய்ச்சல் இறங்கவே இறங்காமல், கண் மேலே சொருகி, ஆஸ்பத்திரி வராந்தாவில் தாயம்மாள் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், உதடுகூட அசையாமல் சொன்னாள், பழனியாண்டவா, இவளை என்னிடம் திருப்பிக் கொடு, இவள் தலைமுடி முழுவதையும் உன் மலைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேன். கொடுத்துவிட்டான். அவன் உடனே கொடுத்துவிட்டான், இவள்தான் கொடுக்கவில்லை. ஆபீசில் கொடுக்கிற எல்.டி.சி. பயணச் சலுகையில் ஊருக்குப் போன முதல் தடவை மாமனார் தவறிப்போய் அந்த வருஷம் கோவிலுக்குப் போகக்கூடாது என்றார்கள், அடுத்த தடவை டிக்கெட் கையில் இருக்கிறது, ரயில்வே ஸ்டிரைக், அதற்கடுத்த தடவை திண்டுக்கல்லில் இருந்து பழனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற அன்று காலையில் வள்ளி பெரியமனுஷியாகி உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் வயதுக்கு வந்த பெண்ணின் தலையை எப்படி மழிப்பது, காலேஜுக்கு எப்படி அனுப்புவது... அதனால் கடவுளிடமே பேரம் பேசினாள். ஆர்.கே.புரம் மலைமந்திர் முருகன் கோவில் படியில் நின்று, ஒவ்வொரு கிருத்திகையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள், முழுமுடி வேண்டாம் அப்பா, பாதி, பாதிகூட வேண்டாம், நுனியில் ஒரு சாண், பூமுடியாக ஏற்றுக்கொள் என்று. அவன் மறுபேச்சுப் பேசவில்லை, பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். வருகிற மே மாதம் எல்.டி.சி., அவர் லீவுக்குக்கூட எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு சாணைத்தான், சரியாக அந்த ஒரு சாணைத்தான் வள்ளி போய் வெட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள், அதுவும் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... ஏன் சொல்லவில்லை? வேண்டுதலை நிறைவேற்றுகிற வரைக்கும் வெளியே விடக்கூடாது என்று ஒரு பிடிவாதம், சொன்னால் அவர் சிரிப்பார், வள்ளி முகத்தைச் சுளிப்பாள் என்று ஒரு பயம். இல்லை, இன்னொன்றும் உண்டு. சொன்னால் அது அவளுடைய முடி என்று அவள் சொல்லிவிடுவாளே. யாருடைய தலையை யார் யாருக்கு நேர்ந்துகொண்டது?

வள்ளி ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வார்த்தையைக் காலேஜிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதலில் மாட். எதிர் குவார்ட்டர்ஸ் மீனாக்ஷி மாமியின் மருமகள் கையில்லாத ரவிக்கை போட்டிருந்தாள், மாட். சரி, மாட் என்றால் நாகரிகம் என்று புரிந்துகொண்டு, ஒருநாள் வள்ளியின் புதுச் செருப்பைப் பார்த்து மாட்டா இருக்குடி என்று தாயம்மாள் ஆசையாகச் சொன்னபோது, "மாட்னு இப்ப யாரும்மா சொல்றாங்க, ஹெப்" என்றாள். ஹெப்னா என்னடி? ஹெப்னா ஹெப்தான். அதைக் கற்றுக்கொள்வதற்குள் இன் என்றாள், அவுட் என்றாள், பெல்பாட்டம் அவுட், குதிகால் உயரச் செருப்பு இன், எது எப்போது உள்ளே போகிறது எப்போது வெளியே வருகிறது, யார் கதவைத் திறந்துவிடுகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. தாயம்மாளின் காலத்திலும் இதெல்லாம் இல்லாமலா இருந்தது, ஷோக்கு என்பார்கள், டிப்டாப் என்பார்கள், ஆனால் அந்த வார்த்தைகள் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இருந்தன, ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதில்லை. கல்யாணமான மறுவருஷம் டெல்லியிலிருந்து ஊருக்குப் போனபோது நைலக்ஸ் புடவையும் தோளில் ஒரு கைப்பையுமாகத் திண்டுக்கல் ஸ்டேஷனில் இறங்கினாள். பைக்குள் கைக்குட்டையைத் தவிர ஒன்றும் கிடையாது. நாத்தனார் கோவிந்தம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்து, அடேயப்பா டெல்லிக்காரி, ஒரே ஷோக்குல்ல, என்று மோவாயில் கையை வைத்தாள். கேலிதான். ஆனால் அன்றைக்கு முழுவதும் அந்தப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லையே, சமையலறைக்குள் போகும்போதுகூட... அந்தச் சந்தோஷம் பாவமா? அப்போது பாவமில்லை என்றால் இவளுக்கு மட்டும் எப்படிப் பாவமாகும்? தெரியவில்லை. பஸ் ஒருமுறை குலுங்கி மறுபடி நின்றது.

பெஹன்ஜி என்ற வார்த்தைதான் ஆறவில்லை. டெல்லிக்கு வந்த புதிதில், லோதி ரோட்டில் ஒரே அறையில் இருந்தபோது, ஹிந்தி ஒரு எழுத்து தெரியாது, தெருவில் இறங்கவே பயம், அப்போது தள்ளுவண்டிக்காரன் ஒருவன் உருளைக்கிழங்கை நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, இந்தாங்க பெஹன்ஜி என்று இரண்டு பச்சைமிளகாயையும் சேர்த்துப் போட்டான். அர்த்தம் தெரியாமல் வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டாள். அக்கா, தங்கச்சி மாதிரி, ஜி போட்டா மரியாதை, என்றார். இந்த ஊரில் அவளை உறவு சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அந்த வண்டிக்காரன்தான். அதற்குப் பிறகு பால் பூத்தில், ரேஷன் கடையில், பஸ் கண்டக்டர், எல்லோருக்கும் அவள் பெஹன்ஜி, அது ஒரு போர்வை மாதிரி அவள்மேல் கிடந்தது. போன வருஷம் வள்ளி ஒருநாள் சாயங்காலம் யூனிவர்சிட்டி ஸ்பெஷல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து செருப்பை வீசி எறிந்துவிட்டு, இனிமே எனக்கு எண்ணெய் தடவாதே, விபூதி வைக்காதே, பூ வேண்டாம் என்றாள். என்னடி ஆச்சு? பஸ்ல எல்லாரும் என்னை பெஹன்ஜின்றாங்க. அதுல என்ன கண்ணு, அக்கான்னுதானே அர்த்தம்? "உனக்குப் புரியாதும்மா. உன்னைச் சொன்னா அக்கா. என்னைச் சொன்னா கர்நாடகம்." எண்ணெய் வழிகிற தலை, இரண்டு தோளிலும் ஒழுங்காகப் போட்ட துப்பட்டா, தலை குனிந்த நடை, அதற்கெல்லாம் சேர்த்து அந்தப் பெண்கள் வைத்த பெயராம். தாயம்மாள் அன்று அவளுக்குச் சூடாகத் தோசை வார்த்துப் போட்டாள். வேறு என்ன செய்யத் தெரியும்? தோசையைத் தின்றுகொண்டே அவள் அழுதாள், தின்றுவிட்டு அழுகையை நிறுத்தினாள், அதைப் பார்த்து, சின்னக் குழந்தைதானே, சரியாகிவிடும், முருகன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாள். எதையும் அவன்மேல் தூக்கிப் போட்டுவிடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

செருப்புக்கடை இருந்தது, மாடிப்படியும் இருந்தது. படியேறும்போதே ஏதோ மருந்தும் சென்டும் கலந்த வாடை. கதவைத் தள்ளினால் சுவரெல்லாம் கண்ணாடி, எல்லாக் கண்ணாடியிலும் தாயம்மாள், காட்டன் புடவை, பெரிய குங்குமப் பொட்டு, கையில் காய்கறிப் பை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே வந்து நின்றாள். ஒரு பெண் தலையில் இரும்புக் குடுவை கவிழ்த்தமாதிரி எதையோ மாட்டிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். காத்திருந்த இரண்டு காலேஜ் பெண்களில் ஒருத்தி சட்டென்று நகர்ந்து, உட்காருங்க ஆன்ட்டி, என்று ஹிந்தியில் சொல்லி இடம் விட்டாள். இந்தப் பிள்ளைகளைப் போய் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தோமே... எதிரே ஒருத்தி வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தரிக்கோல் சத்தம் முதுகில் ஊர்ந்தது, தரையில் விழுகிற முடியை மிதிக்காமல் இருக்கத் தாயம்மாள் காலைத் தூக்கி நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டாள். இடம் கொடுத்த பெண் தன் தோழியிடம், பயமா இருக்குடி, வெட்டினதுக்கு அப்புறம் நானும் பி.டி.எம். ஆகிட்டா? என்றாள், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது என்ன புது வார்த்தை, இதை வள்ளி வீட்டுக்குக் கொண்டுவரவில்லையே. தாயம்மாளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பேட்டி என்று மகளைப்போல அழைத்து, அப்படின்னா என்ன என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாகிவிட்டது, ஒன்றுமில்லை ஆன்ட்டி, சும்மா விளையாட்டுக்கு, என்று இழுத்தாள். பிறகு தாயம்மாளின் முகத்தைப் பார்த்து, மறைக்க மனசில்லாதவள் போல மெதுவாகச் சொன்னாள். பெஹன்ஜி டர்ன்ட் மாட், பெஹன்ஜியாக இருந்துவிட்டு மாட் ஆகப் பார்க்கிறவளை அப்படிச் சொல்வார்கள், முடியை வெட்டினாலும் ஜீன்ஸ் போட்டாலும் உள்ளே பெஹன்ஜிதான், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று. "வெறும் பெஹன்ஜின்னா பரவாயில்லை ஆன்ட்டி, இதுதான் ரொம்ப மோசம்."

தாயம்மாளுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணின் காதுத் தொங்கட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் நேற்று சாயங்காலம் திரும்பி வந்தது. வள்ளி காலையில் முடியை வெட்டிக்கொண்டு மத்தியானம் காலேஜுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் அதே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள், கதவைத் திறந்தபோதே கண் வீங்கியிருந்தது. அம்மா திட்டுவாளே என்ற பயத்தில் அழுதிருக்கிறாள் என்றுதான் தாயம்மாள் நினைத்தாள், சரி பயமாவது இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட... அதனால் நிறுத்தாமல் திட்டினாள், யாரைக் கேட்டு வெட்டினே, வெள்ளிக்கிழமைகூடத் தெரியாதா, சாமி சும்மா விடுமா. வள்ளி சுவரைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எவ்ளோ வெட்டினாம்மா போதும்னு சொல்லுவாங்க, என்றாள். யார் சொல்வார்கள் என்று தாயம்மாள் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு சொன்னாள். கடவுளே, அந்தப் பஸ்ஸில் யாரோ இந்த மூன்று எழுத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஓடி ஓடிப் போய்க் கதவைத் தட்டினால் அவர்கள் கதவையே வேறு சுவருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அடிபட்டு வீட்டுக்கு வந்தால் வீட்டில் நான்... எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவள் பக்கம் வந்துவிட்டாள், தடித்த உடம்பு, சல்வார் கமீஸ், மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது, பஞ்சாபி ஹிந்தியில், சொல்லுங்க பெஹன்ஜி, உங்களுக்கா, என்று கேட்டாள்.

எனக்கில்லை, நேற்று என் பெண் வந்தாள், மதராசிப் பெண், ஒல்லியாக, இங்கே கன்னத்தில் ஒரு மச்சம், அவள் முடி வேண்டும்... தன் ஹிந்தி தடுமாறுவது தாயம்மாளுக்கே கேட்டது. அவள் முடியா, எதற்கு? பகவானுக்குக் கொடுக்க வேண்டும், சொல்லியிருந்தேன், அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது. குடுவைக்குள் இருந்த பெண்கூடப் பத்திரிகையை இறக்கிப் பார்த்தாள், யாராவது சிரிக்கப் போகிறார்கள் என்று தாயம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. பார்லர் அம்மாள் மட்டும், "மன்னத்?" என்றாள் ஒற்றை வார்த்தையாக. ஆமாம், மன்னத்துதான், வேண்டுதல். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, உட்காருங்க என்று தோளைத் தொட்டுவிட்டு, உள்ளே திரையை விலக்கிக்கொண்டு போனாள். திரை மெல்லிசு. உள்ளே வேலைசெய்கிற பெண்ணின் குரல், பையை எல்லாம் நேற்று ராத்திரியே விக்குக்காரன் தூக்கிட்டுப் போயிட்டானே தீதி, என்றது. உஷ் என்றாள் அந்த அம்மாள். அப்புறம் எதையோ இழுக்கிற சத்தம், காகிதம் மடிக்கிற சத்தம். வெளியே வந்தபோது கையில் செய்தித்தாள் பொட்டலம், அதற்குமேல் ஒரு சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியிருந்தது. இதுதான் உங்க பெண்ணுடையது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நல்ல முடி, என்று தாயம்மாளின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். தாயம்மாள் பொட்டலத்தின் ஓரத்தை விலக்கி விரலை வைத்தாள். பார்க்கவே வேண்டாம். இத்தனை வருஷம் இந்த விரல்கள்தானே எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்தன, வள்ளியின் முடி முரடு, நுனியில் அவள் அப்பாவின் சுருட்டை, ஒரு வருஷமாக எண்ணெய் தொடாவிட்டாலும் போகாத தேங்காயெண்ணெய் வாடை. இது பட்டுநூல் மாதிரி வழுக்கியது, கடுகெண்ணெய் வாடை வந்தது. இன்று காலையில் வந்து வெட்டிக்கொண்டு போன யாரோ ஒரு பெண்ணுடையது. இது என் மகளுடையது இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அந்த அம்மாள் என்ன செய்வாள் பாவம், இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவாள், ஒரு தாய் வெறும் கையோடு படியிறங்கக் கூடாது என்றுதானே... தாயம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த அம்மாள் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைத் திட்டாதீங்க பெஹன்ஜி, என்றாள். "வெட்டும்போது ரொம்ப அழுதா. நிறுத்திடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், வெட்டுங்கன்னுட்டா."

வெட்டும்போதே அழுதாளா? திரும்பும் பஸ்ஸில் அது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது, அழுதுகொண்டே வெட்டச் சொல்லியிருக்கிறாள், அப்படி என்ன கட்டாயம், யார் மிரட்டினார்கள், கூட யாராவது போனார்களா, இல்லை தனியாகவா அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவில்... பொட்டலம் மடியில் கனமே இல்லாமல் கிடந்தது. இதை எடுத்துக்கொண்டு பழனிக்குப் போய் இது வள்ளியுடையது என்று கொடுக்க முடியுமா, முருகனிடம் போய்ப் பொய்யா? குப்பையில் போட முடியுமா, யார் பெற்ற பிள்ளையோ, அதன் தாயும் எண்ணெய் தேய்த்துத்தானே வளர்த்திருப்பாள், அந்தப் பெண்ணும் இன்று மத்தியானம் எந்தப் பஸ்ஸில் ஏறி யார் வாயில் விழப்போகிறதோ. ஆர்.கே.புரத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் மலைமந்திர் படியில் ஏறிவிட்டாள், நடை சாத்துகிற நேரம், வெயிலில் படி சுட்டது. சனிக்கிழமைக் கூட்டம் கரைந்து போயிருந்தது. குருக்கள் அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோம்மா" என்றார். வள்ளி, பூசம், என்று வாய் தானாகச் சொல்லிற்று. பிறகு, இன்னொரு பெண்ணுக்கும் பண்ணணும் சாமி, பேர் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது, என்றாள். அவர், "அதனாலென்ன, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். தாயம்மாள் பொட்டலம் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பேர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு, நல்லா இருக்கட்டும் முருகா, என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, அது எளிதாக வந்துவிட்டது. வள்ளிக்காகத்தான் என்றைக்கும்போல ஆரம்பித்தாள், அவளுக்கு வந்த காய்ச்சல், அவள் எழுதப்போகிற பரீட்சை, அவளுக்கு வரவேண்டிய வரன்... எல்லாம் வரிசையாக வந்து, நேற்று என்ற இடத்தில் நின்றுவிட்டது. நேற்று யார் அவளை என்ன சொன்னார்கள், எதற்காக அழுதுகொண்டே கழுத்தை நீட்டினாள், சொல்வதற்குத் தாயம்மாளிடம் ஒன்றுமே இல்லை. ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்ணைவிட இவளைப்பற்றி எனக்கு என்ன கூடுதலாகத் தெரியும்? உள்ளே மணி அடித்தது. வீட்டுக்குப் போய்க் கேட்கலாம், கேட்க வேண்டும், ஆனால் எப்படி ஆரம்பிப்பது, அந்தப் பெண்கள் அத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்களே, அவளிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லையே என்று அவள் தேடிக்கொண்டு நின்றாள், குருக்கள் விபூதித் தட்டோடு வந்து எதிரே நிற்பதுகூடத் தெரியாமல்.